ஔகாரமும் அதன் இரவல் ளகரமும்



தொல்காப்பியம் அரங்கேறிய அவையில் அமர்ந்து கேட்டவராகப் பாயிரம் குறிப்பிடும் அதங்கோட்டாசான், நாம் கூடியிருக்கும் மண்டைக்காட்டின் மாவட்டத்தைச் சேர்ந்த அதங்கோட்டுக்காரர் என்பது இங்குள்ளோர் நெடுங்காலமாகப் போற்றிவரும் கருத்து. எழுத்தை அவையில் நிறுத்திக் கேள்வி கேட்பது மண்டைக்காட்டுக்குப் பொருந்தாத வேலை அன்று. அந்தத் துணிவில் ஒரே ஓர் உயிர்க்குறியை, 'கௌ' என்பதில் ககரத்தை இருபுறமும் அணைத்து நிற்கும் ஔகாரக் குறியை, எடுத்துக்கொள்கிறேன்.

இக்குறியின் வலப்பக்க உறுப்பு ளகரத்தின் வடிவிலேயே அமைந்தது. தட்டச்சுப் பொறியில் கொம்பு, ககரம், ளகரம் என்று மூன்று விசை தட்டினால் வேலை முடிந்தது. தாளில் விழுந்ததைக் கண் ஔகாரமாகவே படித்தது. கணினிக்குக் கண் இல்லை, எண் மட்டுமே உண்டு. ஒருங்குறியில் ஔகாரக் குறி 3020, அதன் வலப்பக்க உறுப்புக்குத் தனியாக 3031, ளகரம் 2995. கொம்பையும் 3031ஐயும் அடுத்தடுத்து இட்டால் அது 3020க்குச் சமம் என்று தரமே விதித்திருக்கிறது. கொம்பையும் ளகரத்தையும் இட்டால் சமம் இல்லை. தட்டச்சுப் பழக்கம் விரலில் ஊறியவர்கள் இடுவதோ இந்த மூன்றாவதைத்தான். 'ஔ' என்ற முதலெழுத்துக்கும் இதே கதி. தாழக்குடிப் பக்கத்து ஔவையாரம்மனுக்கு ஆடிச் செவ்வாயில் கொழுக்கட்டை படைப்பவர்கள் பெயரில் தடுமாறுவதில்லை. கோப்பில் 'ஒள' என்று இரண்டு எழுத்தாக ஏறிவிட்டால், அகரவரிசையில் அவள் ஒழுக்கத்துக்கும் ஒற்றுமைக்கும் நடுவே போய் உட்கார்ந்துவிடுகிறாள்; ஔகாரத்தில் தேடுபவருக்குக் கிடைக்க மாட்டாள். பார்வையற்றோருக்காகத் திரையை வாசிக்கும் மென்பொருளும் எழுதியபடி ளகரத்தையே ஒலிக்கும்.

படிப்பவருக்குப் புரிகிறதே, பிறகென்ன என்பார்கள். நூலகப் பட்டியலும் வாக்காளர் பட்டியலும் தேடுவதற்காக இருப்பவை. அங்கே புரிந்தால் போதாது, அகப்பட வேண்டும். பிழையை மென்பொருளே ஒரேயடியாகத் திருத்திவிடலாமே என்பது அடுத்த தடை, கொஞ்சம் வலுவானது. ஆனால் கொம்பும் ளகரமும் சேர்ந்த இடத்தையெல்லாம் ஔகாரமாக்கினால் இக்கடற்கரையின் கெளுத்தி மீன் பாழாகிவிடும். உயிர்க்குறியோ புள்ளியோ ஏறாத ளகரத்தை மட்டும் மாற்றினால், பேச்சு வழக்கில் எழுதும் கதைகளில் வரும் 'வெளக்கு', 'கெளம்பு' எல்லாம் வௌவாலோடு சேர்ந்து பறக்கும். சொல்லறிவு இல்லாத விதி எதுவும் இங்கே செல்லாது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் டேஸ்16 முறையை, 2010இல் ஒருங்குறியோடு தமிழ்நாடு அரசு ஏற்றது. அதுவும் இந்நோய்க்கு மருந்தாகாது. 'கெ', 'ள' என்று தட்டுபவர் அங்கும் அப்படியே தட்டுவார். 'அவ்' என்றே எழுதிவிடலாம் என்ற பெரியாரின் வழி எளியதுதான். ஆனால் எழுத்துச் சீர்திருத்தத்துக்கான 1978 அரசாணை அதை ஏற்கவில்லை. இன்று ஏற்றாலும் அச்சேறிய நூல்கள் மாறப்போவதில்லை.

சிங்களத்தை ஒப்பிட்டால் சிக்கலின் வேர் தெரியும். அங்கும் ஔகாரக் குறி இரு உறுப்பானது. வலப்பக்கத்துக் கயனுகித்த என்ற உறுப்பு, வடமொழி உயிர் ஒன்றின் குறியாகவும் தனியே நிற்கிறது. 1999இல் ஒருங்குறிக்குள் வந்தபோது இரு பணிக்கும் ஒரே எண்ணே கிடைத்தது. கொம்போடு அதைச் சேர்த்தால் முழுக்குறிக்குச் சமம். கண்ணும் எண்ணும் பிணங்குவதில்லை. அண்டையிலுள்ள மலையாளம் இடக்கொம்பையே விட்டுவிட்டு வலப்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டது. நமக்குத்தான் ஒரு வடிவம், இரண்டு எண். ஒன்று உயிர்க்குறி, மற்றது தனி எழுத்து என்பதால் எண்ணை ஒன்றாக்கவும் முடியாது. ஆகவே குறை குறியேற்றத்தில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது என்பது என் முடிவு. வடிவத்தைத் தொடுவது மரபுக்கு ஆகாது என்போர் வீரமாமுனிவரை நினைக்கட்டும். எகர ஏகாரக் கொம்புகளை வேறுபடுத்தியவர் என்று அவரைக் கொண்டாடிக்கொண்டே இதை மறுக்க இயலாது.

எழுத்துரு வடிப்போர் அந்த வலப்பக்க உறுப்பைச் சிறிதாகவேனும் வேறுபடுத்தி வரையட்டும். விசைப்பலகை செய்வோர் கொம்புக்குப் பின் ளகரம் வரும்போது பயனரை ஒருமுறை கேட்கட்டும். இங்கே கட்டுரை வாசிக்க வந்திருப்போர், தத்தம் கோப்பில் ஔவையைத் தேடிப் பார்த்துவிட்டு மேடையேறுமாறு கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.