கடப்பாரைக்கு முன்னால் கல்வெட்டு



2004 சுனாமி, மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் ஒரு பாறைக் கல்வெட்டை வெளிக்காட்டியது. அதைப் படித்த பிறகே 2005-இல் தோண்டி, முருகன் கோயிலைக் கண்டார்கள்.

எனக்கு அந்தப் பொறுமை இல்லீங்க. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எங்கள் பிஜிவெக்டர் தேடல் நல்ல விடைகளைத் தவறவிட்டது. ஒரு புள்ளிக்கு எத்தனை அண்டை இணைப்பு என்று சொல்லும் 'எம்' அளவை 16-லிருந்து 32 ஆக்கினேன். பட்டியலிலும் 32 தெரிந்தது. "சரி பண்ணிட்டேன் சார்" என்று மேலதிகாரியிடம் சொல்லியும் விட்டேன். தேடலோ மாறவேயில்லை.

பிறகு பேஜ்இன்ஸ்பெக்ட் கொண்டு, எதையும் மாற்றாமல், இன்டெக்ஸின் முதல் பக்கத்தை பைட் பைட்டாகப் படித்தேன். உள்ளே இருந்தது அதே 16! இன்டெக்ஸைத் திரும்பக் கட்டினால்தான் அது மாறும். கட்டினேன், தேறியது. அதற்கு முன் அவரிடம் போய்த் தவறை ஒப்புக்கொண்டேன்.

தம்பிகளா, கடப்பாரை எடுக்குமுன் கல்வெட்டைப் படியுங்க.