வேடமும் வழிபாட்டிடமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

முருகனும் ஆண்டாளும் பாரதியாருமாக நம் குழந்தைகள் மாறுவேடப் போட்டிக்குக் காத்திருக்கின்றனர். போட்டி முடிந்ததும் அதே கோலத்தில் கோயிலுக்கும் குருத்வாராவுக்கும் சென்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்று பெற்றோர் சிலர் கருதுகின்றனர். அதுபற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகிறேன்.

வேடம் பூண்டு இறைவனை அணுகுவது நமக்குப் புதிதன்று. திருச்செந்தூரை அடுத்த குலசேகரன்பட்டினத்தில், தசரா விழாவின்போது முத்தாரம்மன் அடியார்கள் விரதமிருந்து, காளியாகவும் குரங்காகவும் குறவராகவும் வேடமிட்டு, ஊரார் இடும் காணிக்கையைப் பெற்று அம்மனுக்குச் செலுத்துகின்றனர். வடநாட்டு இராமலீலையிலோ, இராமனாக நடிக்கும் சிறுவனுக்கு ஆரத்தி எடுத்து வணங்குகின்றனர். அங்கெல்லாம் வேடமே வழிபாடு.

ஆயினும், நமக்குப் பக்தியாக இருப்பது பிறர்க்கு மனப்புண்ணாகலாம். சீக்கியர் தம் 10 குருமார்களின் வேடத்தை எவரும் புனைவதை ஏற்பதில்லை. 2018ஆம் ஆண்டில் குரு நானக்கைப் பற்றிய திரைப்படமொன்றுக்கு எழுந்த எதிர்ப்புக்கு இதுவே முக்கிய காரணம். இஸ்லாமியரும் நபிகள் நாயகத்தை உருவமாகக் காட்டுவதை ஒப்புவதில்லை. நாம் அன்போடுதான் ஒரு பிள்ளைக்கு ஒட்டுத்தாடி வைத்துக் குருவாக அலங்கரிப்போம். காண்பவர் உள்ளமோ வருந்தும். காவடியை வேடிக்கைக்காகத் தூக்கிக்கொண்டு ஒருவர் நம் முருகன் சந்நிதிக்குள் ஆடி வந்தால் நாம் பொறுப்போமா?

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு நான்கு புறமும் வாயில்கள் உண்டு. எச்சாதியினரும் எச்சமயத்தினரும் உள்ளே செல்லலாம். லங்கரில் அமர்ந்து உண்ணலாம். எனினும், காலணியைக் களைந்து, கால் கழுவி, தலையைத் துணியால் மறைத்தே செல்லுதல் வேண்டும். வாயில் திறந்திருப்பதால் வழக்கம் இல்லையென்று ஆகிவிடாது.

ஆகவே பெற்றோர்க்கு என் வேண்டுகோள் இது: பிற சமயத்தார் போற்றும் பெரியோரின் வேடத்தைத் தேர்ந்தெடுக்குமுன், அச்சமயத்தவர் ஒருவரைக் கேளுங்கள். தலைப்பாகையையும் தாடியையும் நகைப்புக்குரிய பொருளாக்காதீர்கள். போட்டி முடிந்ததும் அரிதாரத்தைக் கழுவி, மாற்றுடை உடுத்தி, அட்டைக் கத்தியையும் கிரீடத்தையும் வீட்டில் வைத்துவிட்டு வழிபடச் செல்லுங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி உண்டா என்பதையும் முதலிலேயே விசாரியுங்கள்.

சிக்னல் கிடைக்காமல் வண்டி நிலையத்துக்குள் நுழைவதில்லை. நிலையம் நமதன்று என்பதால் அன்று. உள்ளிருப்போரின் நலம் கருதியே அவ்விதி.

நள்ளிரவில் நம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், சொந்த ஊரிலிருந்து அண்ணனோ மாமனோ வந்து சேர இரண்டு நாளாகும். கதவைத் தட்டியதும் ஓடிவருபவர் அடுத்த வீட்டுச் சீக்கியரோ இஸ்லாமியரோதாம். ஒரு படத்திற்காக அவர் மனத்தை நோகச் செய்யலாமா? இதனை இன்றைய முருகனுக்கும் ஆண்டாளுக்கும் இப்போதே சொல்லிக் கொடுப்போம். பரிசுக் கோப்பையினும் அது நெடுநாள் அவர்களிடம் இருக்கும்.