உழுபவர் ஒருவர், பட்டா ஒருவர் பெயரில்



விவசாய மானியம் என்றதும் முதலாளித்துவ ஏடுகள் பாடும் பல்லவி ஒன்றுதான்: மானியம் கருவூலத்தை விழுங்குகிறது, வெட்டுங்கள். விவசாய இயக்கம் எழுப்பும் கேள்வி வேறு. அந்தப் பணம் யார் கையில் போய்ச் சேருகிறது?

தெலங்கானாவை எடுத்துக்கொள்ளலாம். 2018 மே மாதம் அங்கே ரைத்து பந்து திட்டம் தொடங்கியது. பருவத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு 4,000 ரூபாய், பின்னர் 5,000. நில அளவுக்கு வரம்பு கிடையாது. ஆகவே 2 ஏக்கர்காரருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் என்றால், 50 ஏக்கர்காரருக்கு 5 லட்சம். ஹைதராபாத்தில் குடியிருந்துகொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்கும் பணம் உண்டு. அதே நிலத்தில் கடன் வாங்கிப் பருத்தி விதைத்து, மழை பொய்த்தால் நட்டத்தையும் சுமக்கிற குத்தகை விவசாயிக்கு ஒரு காசும் இல்லை. மானியம் பெறும் உடைமையாளர் குத்தகையைக் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. குத்தகை என்பது இரு தனிநபர்களின் விவகாரம், அரசு தலையிடாது என்றது அன்றைய சந்திரசேகர ராவ் அரசு. உடைமையாளருக்கு மட்டும் பணம் தருவது தலையீடு ஆகாதாம்!

சாவிலும் இதே கணக்குத்தான். ரைத்து பீமா என்ற 5 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு பட்டாதாரருக்கு மட்டுமே. குத்தகை விவசாயி இறந்தால் குடும்பத்துக்குக் கடன்தான் மிச்சம். தமிழகத்தின் அடங்கலுக்கு நிகரான பஹாணியில் சாகுபடியாளர் பெயருக்கென ஒரு பத்தி இருந்தது; 2020இல் தரணி இணையப் பதிவு முறை வந்தபோது அதுவும் நீக்கப்பட்டது. 2023 தேர்தலில் குத்தகை விவசாயிகளுக்கும் உதவி உண்டென வாக்களித்தது காங்கிரஸ். ஆட்சிக்கு வந்தபின், 2025 ஜனவரியில் ரைத்து பரோசா என்ற பெயரில் ஆண்டுக்கு ஏக்கருக்கு 12,000 ரூபாய் அறிவித்தது. அதுவும் பட்டாவின் பின்னால்தான் போகிறது.

ஒன்றிய அரசின் பிரதமர் கிசான் திட்டமும் இதே அச்சில் வார்த்ததே. 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் பதிவாகியிருந்ததோ, அவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் விவசாயத் தொழிலாளர்கள் 14 கோடிக்கும் மேல். சாகுபடியாளர்கள் 12 கோடிக்கும் குறைவு. பெரிய பகுதி வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிடுகிறது. நாற்று நட்டு, களை பறித்து, கதிரறுக்கும் பெண்களில் எத்தனை பேரிடம் பட்டா இருக்கிறது?

இதைக் காட்டி மானியத்தையே ஒழிக்கச் சொல்வோரின் வலையில் விழக்கூடாது. தேவை மானியக் குறைப்பு அல்ல. உழுபவரைப் பதிவேட்டில் ஏற்றுவது.

ஆந்திராவில் 2019இல் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் வந்தது. 11 மாதத்துக்கு ஓர் அட்டை தருவார்கள். அதற்கு உடைமையாளரின் கையொப்பம் வேண்டும். கையொப்பம் போட்டால் நிலம் போய்விடுமோ என்று அஞ்சுகிறவர் எப்படிப் போடுவார்? மேற்கு வங்க இடது முன்னணி அரசு இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. ஒருவர் வாரதாரர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை 1977ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் உடைமையாளர் மீதே போட்டது. 1978இல் தொடங்கிய ஆபரேஷன் பர்காவின்போது அதிகாரிகள் கிராமங்களில் முகாமிட்டனர். வாரதாரர்கள் கூட்டமாக வந்து பெயர் சொன்னார்கள். 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பதிவாயின. தனித்தனியாக வந்திருந்தால் மறுநாளே வெளியேற்றப்பட்டிருப்பார்கள். சட்டத்துக்குப் பின்னால் விவசாயச் சங்கம் நின்றது.

இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த டிஜிட்டல் வேளாண் இயக்கம் 11 கோடி விவசாயிகளுக்கு அடையாள எண் வழங்கப்போகிறது. அந்த எண் நில ஆவணத்தோடு இணைக்கப்படுகிறது. உதவியும் கடனும் காப்பீடும் இனி அந்த எண்ணைக் கேட்கும். குத்தகை விவசாயிகளின் பட்டியலைக் கிராமம் கிராமமாகத் தயாரித்து, முகாம் நடக்கும் நாளிலேயே கொடியோடு போய் அதைக் கொடுக்கும் வேலையை விவசாயச் சங்கக் கிளைகள் இப்பருவத்திலேயே தொடங்க வேண்டும்.