பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்



கணியம்பாடியில் ஷூ அப்பர் தைக்கும் சிறு யூனிட் நடத்துகிறேன். பாலாறு பெருக்கெடுத்த 2021 நவம்பர் மழையில் எங்கள் கிடங்கிலும் தண்ணீர் புகுந்தது. 10 லட்ச ரூபாய்த் தோல் வீணாயிற்று. "இன்சூரன்ஸ்தான் இருக்கே" என்று தைரியமாக இருந்தேன்.

சர்வேயர் வந்து கணக்குப் பார்த்தார். "சார், 40 லட்சம் சரக்குக்கு 20 லட்சத்துக்குத்தானே எடுத்திருக்கீங்க? அப்போ நஷ்டத்துலயும் பாதிதான்" என்றார். பேங்க் கடனுக்காக எடுத்த பாலிசி அது. சரக்கு பெருகியபோது தொகையை உயர்த்தாதது என் தப்பு. பிடித்தம் போக 5 லட்சத்துக்கும் குறைவாகவே வந்தது. அடுத்த மாதச் சம்பளத்துக்கு வீட்டு நகை அடகுக்குப் போயிற்று.

ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள தொழில்களுக்கு 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி உண்டு. 15 சதவீதம் வரை குறைத்து எடுத்திருந்தால் பொறுத்துக்கொள்ளும்; அதற்கு மேல் போனால் விகிதக் கணக்குதான். சாதாரணத் திருட்டுக்குத் தனிப் பாலிசி வேண்டும்.

ஆகவே, வருஷா வருஷம் புதுப்பிக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். சரக்கு உச்சத்தில் இருக்கும்போது மதிப்பு எவ்வளவு? மெஷினை இன்று புதிதாக வாங்கினால் என்ன விலை? பாலிசியில் உள்ள முகவரியில்தான் சரக்கு இருக்கிறதா?

தம்பிகளே, இது பரீட்சைக்கு வராது. தொழிலில் கட்டாயம் வரும்.