சதுரம் சதுரமாக ஒரு போர்வை



இந்த மேசையில் விரித்திருக்கும் குறோசேப் போர்வையை எங்கள் வகுப்பினர் 63 சதுரங்களாகப் பின்னினோம். கனடாவில் இதை அப்கான் என்கிறார்கள். முன்பு ஆளுக்கொரு முழுப் போர்வை தொடங்கியவர்கள்தான் நாங்கள். பாதி வளர்ந்ததும் பையில் கொண்டுபோக முடியாமல் எல்லாம் அலுமாரிக்குள் போயின.

சதுரமென்றால் கைப்பைக்குள் அடங்கும். ரொறன்ரோவில் வேலைக்குப் போகும் ரயிலிலும், கொழும்பில் ரியூசன் வாசலிலும், யாழ்ப்பாணத்தில் சோறு வேகும் நேரத்திலும் பின்னினோம். பிள்ளை கூப்பிட்டால் கண்ணியைச் சற்றுப் பெரிதாக இழுத்துவிட்டு எழும்பலாம். குறோசே ஊசியில் நிற்பது ஒரே ஒரு கண்ணிதானே!

பொருத்தும்போதுதான் வில்லங்கம். எல்லாருக்கும் ஒரே நூல், ஒரே 5 மில்லிமீற்றர் ஊசி. கை மட்டும் வேறு. மெல்பேணிலிருந்து வந்தவை இறுக்கம், லண்டனிலிருந்து வந்தவை தளர்வு. (யாருடையவை என்று சொல்லமாட்டோம்.) கடைசிச் சுற்றுகளை உருவிவிட்டு, ஒருத்தியின் கையாலேயே வெள்ளை நூலில் அளவாக்கினோம்.

ஒரு சதுரம் மட்டும் இரண்டு சுற்றோடு, ஊசியும் கண்ணியுமாக வந்தது. இரவுக் கடமை, படுக்கையில் மாமி என்று ஓடித்திரிந்தவள், பிறகு தானே படுக்கையில் விழுந்துவிட்டாள். மகள்தான் அனுப்பிவைத்தாள். அவளுடைய நீல நூலும் கூடவே வந்தது. அதை எடுத்துப் பின்ன எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. மிச்சச் சுற்றெல்லாம் வெள்ளையிலேயே முடித்தோம்.

மூன்றாவது வரிசையில் இருக்கிறது. போகும்போது பாருங்கள்.