இல்லிருந்து மக்களை வளர்த்த தந்தை
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தாய் பொருளீட்டச் செல்ல, தந்தை வீட்டிலிருந்து மக்களை வளர்த்த குடும்பம் ஒன்று பிரியுமாயின், அம்மக்கள் யாரிடம் வளர்தல் தகும், அவர்தம் செலவை ஏற்பவர் யார் என்பதே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள். சிலர் நகைக்கின்றீர்கள். யாமும் முன்னர் நகைத்தவரே.

எம்மிடம் தமிழ் பயின்ற பழைய மாணவர் ஒருவர் ஒருநாள் மாலை எம் இல்லம் போந்தார். அவர் மனைவியார் வங்கியில் நல்ல உத்தியோகத்தினர். முதற் குழந்தை பிறந்தபொழுது இருவரும் கூடி ஆய்ந்து, குறைந்த சம்பளத்தினரான இவர் வேலையை விட்டனர். ஏழாண்டுகள் சோறு வடித்தவரும், பள்ளிக்கு அழைத்துச் சென்றவரும், காய்ச்சலில் கண்விழித்தவரும் இவரே. பின்னர் மனவேறுபாடு முற்றி, அவ்வம்மையார் மக்களிருவருடன் பிறந்தகம் சென்றுவிட்டார். யாது செய்வது என்று வினவிய இவர்க்கு, "ஆண்மகன் நீ, முதலில் ஒரு வேலை தேடிக்கொள், பிள்ளைகள் தாயிடம் இருக்கட்டும்" என்று யாம் விடை கூறினோம். அவர் மறுத்துரைத்திலர். "மூச்சிழுப்பு வந்தால் பெரியவளை எப்படி உட்காரவைப்பது என்று அங்கு யாருக்கும் தெரியாது, ஐயா, அதை மட்டுமாவது யாரேனும் சொல்லிவிடவேண்டும்" என்று கூறி எழுந்து சென்றார். அன்றிரவு யாம் உறங்கவில்லை.

அதன்பின் வழக்கறிஞரான நண்பர் துணைகொண்டு சட்டங்களைப் பார்த்தோம். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்புச் சட்டம் தந்தையை இயற்கைக் காப்பாளர் என முதலிற் கூறி, அவர்க்குப்பின் தாயைக் கூறுகின்றது. 'பின்' என்பது தந்தை இறந்தபின் என்று மட்டும் பொருள்படாது என உச்சநீதிமன்றம் கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் தீர்த்தது. ஐந்தாண்டு நிரம்பாக் குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருத்தல் வேண்டும் என்பதும் அச்சட்டமே. 'சாதாரணமாக' என்னும் அச்சொல்லை நோக்குக. அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு குழந்தையின் நலனையே தலைமையாக வைத்தலின், தந்தை என்னும் பெயரோ தாய் என்னும் பெயரோ தனியே வழக்கை முடிவுசெய்துவிடாது. அறிந்து சொல்லும் பருவத்துக் குழந்தையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம் என்பது 1890-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆகவே, நாள்தோறும் வளர்த்தவர் யார் என்பதற்குச் சான்று வேண்டும். தடுப்பூசி அட்டை, மருத்துவர் சீட்டு, மதிப்பெண் அட்டையிலிட்ட கையொப்பம் ஆகிய இவை வாய்ப்பேச்சினும் வலியன. காலந்தாழ்த்தலும் ஆகாது, ஓரிடத்து வேரூன்றிய பிள்ளையைப் பெயர்த்தெடுக்க நீதிமன்றங்கள் தயங்கும்.

இனிச் செலவு. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி கணவனும் மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் அச்சட்டத்தின்படி வழக்கொன்று நடத்தல் வேண்டும். உடல்வலிவுள்ள ஆடவன் கேட்டால் நீதிபதிகள் எளிதில் இசைவதுமில்லை. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமோ மனைவிக்கே அவ்வுரிமையைத் தருகின்றது. தந்தையின் வழி இங்ஙனம் குறுகியதாயினும் பிள்ளையின் வழி அகன்றது. மக்களைக் காப்பாற்றும் கடன் தாய் தந்தை இருவர்க்கும் உண்டென 1956-ஆம் ஆண்டின் ஜீவனாம்சச் சட்டம், 20-ஆம் பிரிவில், விதிக்கின்றது. இருவரும் தத்தம் வரவையும் சொத்தையும் கடனையும் உறுதிமொழிப் பத்திரத்திற் காட்டவேண்டும் என்றும், தாயும் ஈட்டுபவராயின் பிள்ளைச் செலவை வருவாய்க்கேற்பப் பகிர்தல் வேண்டும் என்றும் 2020-இல் உச்சநீதிமன்றம் நெறி வகுத்தது.

இதனை ஏன் இத்துணை விரித்தோம்? "பிள்ளைச் செலவு கேட்கமாட்டேன்" என்று அம்மாணவரிடம் உறவினர் சிலர் எழுதி வாங்கியிருந்தனர். மானத்தைக் கருதி அவரும் கையொப்பமிட்டனர். அவ்வுரிமை அவருடையதன்று, பிள்ளைகளுடையது. பிறர் பொருளை அவர் எங்ஙனம் விட்டுக்கொடுப்பார்? குடும்பநல நீதிமன்றத்தில் அவர் வழக்கறிஞர் அதனையே எடுத்துரைத்தார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. வாரத்தில் இருநாள் பிள்ளைகள் அவரிடம் இருக்க இடைக்கால ஆணை கிடைத்துள்ளது. சென்ற ஞாயிறன்று யாம் அங்குச் சென்றபோது பெரியவள் எமக்கு மோர் கொணர்ந்தாள். இளையவனுக்கு அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் கல்வி உதவிக்கு நம் சங்கத்து விண்ணப்பத்தாளை அன்று நிரப்ப முயன்றோம். அதில் 'தகப்பனார் உத்தியோகம்', 'தகப்பனார் வருமானம்' என்று இரண்டு வரிகளே உள, தாயார்க்கு இடமில்லை. அவர் எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். அடுத்த அச்சுக்கு முன் அவ்வரிகளைத் திருத்தித் தருமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டு அமர்கின்றோம்.