பழைய காரின் மூச்சும் நாடியும்

நாடி பாராது மருந்து கொடுக்கும் வைத்தியரை எவரும் நம்பார். ஆயினும், பழைய மோட்டார் வண்டி திணறத் தொடங்கியதும் அதன் நாடியைப் பாராமலே காபரேற்றரின் திருகாணிகளைத் திருப்பிவிடுவோர் பலர். வண்டி திருந்துவதில்லை, செலவு மட்டும் ஏறுகின்றது.

1956 இல் வெளிவந்து, இன்றும் இலங்கைத் தெருக்களில் காணப்படும் மொறிஸ் மைனர் 1000 என்னும் காரையே உதாரணமாகக் கொள்ளலாம். அதன் பிஸ்ரன் கீழிறங்கும்போது உருளைக்குள் காற்றும் பெற்றோலும் கலந்து இழுக்கப்படுகின்றன. காபரேற்றரின் கதவு ஏறக்குறைய மூடியிருக்கையில் உட்குழாயில் வெற்றிடம் மிகுகின்றது. இது எஞ்சினின் மூச்சு. அக்கலவைக்கு உரிய கணத்தில் தீப்பொறி கொடுப்பது டிஸ்றிபியூட்டர். இது அதன் நாடி.

பொறி பிந்தினாலும், எங்கேனும் காற்று கசிந்தாலும், கலவை பிழைத்தாலும் எஞ்சின் ஒரேவிதமாகவே தடுமாறும். குறி ஒன்று, காரணம் மூன்று. ஆகவே ஒழுங்காகத் தேடுதல் வேண்டும்.

முதலில் உட்குழாயில் வெற்றிடமானியைப் பொருத்திப் பார்த்தல் நன்று. சூடேறிய நல்ல எஞ்சின் மெதுவாக ஓடுகையில், முள் 17 முதல் 21 அங்குல இரசத்தில் அசையாது நிற்கும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையுமாதலால், நுவரெலியாவில் காணும் குறைவு நோயன்று. சமதரையில் முள் தாழ்ந்து அசையாது நின்றால், பிந்திய பொறியோ காற்றுக் கசிவோ காரணமாகலாம். ஒழுங்காகத் துடித்தால் வல்வுகளைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, எஞ்சினை நிறுத்தி, டிஸ்றிபியூட்டரின் பொயின்ற் இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்காக அமைத்தல் வேண்டும். இடைவெளி கூடினால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். எனவே இதனைத் திருத்திய பின்னரே பொறியின் நேரத்தைச் சரிபார்த்தல் தகும். பொறி மிகப் பிந்தினால் எஞ்சின் கொதித்து, புகைபோக்கும் வல்வுகள் கருகும். மிக முந்தினால் ஏற்றத்தில் தட்டொலி எழுந்து, நாளடைவில் பிஸ்ரனே பழுதாகும்.

காபரேற்றரிலிருந்து டிஸ்றிபியூட்டருக்குச் செல்லும் சிறு குழாயையும் மறத்தலாகாது. அதன் முனையை வாயால் உறிஞ்சி நாவினால் அடைத்தால், உள்ளிருக்கும் தகடு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நில்லாவிடில் சவ்வு கிழிந்துள்ளது. பின்னர் உட்குழாயின் பொருத்துகளில் சிறிது மெல்லெண்ணெய் தடவினால், கசிவுள்ள இடத்தில் எஞ்சினின் ஓட்டம் மாறும். இதற்குப் பெற்றோலைப் பயன்படுத்துதல் ஆபத்து.

இவையெல்லாம் செம்மையான பின்னரே கலவைக்குக் கைவைத்தல் முறை. காபரேற்றரின் பிஸ்ரனை ஊசியளவு உயர்த்தும்போது ஓட்டம் கூடியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் நின்றுபோனால் குறைவு. கணநேரம் சிறிதே கூடித் தணிந்தால் கலவை சரி.

இவ்வரிசையைக் கைக்கொள்பவர், புதிய காபரேற்றர் வாங்க எண்ணியிருந்த பணத்தைப் பல வேளைகளில் தம் பையிலேயே வைத்திருப்பர்.